விசில் டீச்சர் ஓட வேண்டும்

எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தோள் வலி, மீதிப் பேருக்கு முட்டி வலி. விடுமுறை நாளில் நான் பல் விளக்கிவிட்டு வருவதற்குள் வாசலில் யாராவது கால் நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். "டாக்டரம்மா எழுந்தாச்சா?" என்ற கேள்வியில் பாதி மரியாதை, பாதி நக்கல். நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட் என்று திருத்தினால், "அதாம்மா, உருவி விடற டாக்டர்" என்பார்கள். உருவியும் விட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள் நான். அந்தப் பெருமையில் தனக்கும் பங்கு உண்டு என்று தெரு நினைக்கிறது.

ஆனால் என் வேலை என்ன என்று முழுதாகச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது. பிரசவ ஆஸ்பத்திரி. வயிற்றில் பிள்ளை உள்ளவர்களுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும், கால் மரத்துப்போகும். பெற்றவர்களுக்கு வயிற்றுத் தசை நடுவில் பிரிந்து நிற்கும், தும்மினால் சிறுநீர் கசியும், கீழே ஏதோ இறங்கி வருவதுபோலப் பாரமாக இருக்கும். இதற்கெல்லாம் பயிற்சி கொடுப்பவள் நான். பக்கத்து வீட்டு அத்தை ஒருநாள் கேட்டார் என்று விளக்கமாகவே சொன்னேன். "சீ, கல்யாணம் ஆகாத பொண்ணு பேசற பேச்சா இது?" என்று எழுந்து போய்விட்டார். ஒரு தோளுக்குத்தான் பார்த்து முடித்திருந்தேன். இன்னொரு தோளோடு போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் என் அறை ஜெனரேட்டருக்குப் பக்கத்தில். ஒரு மெத்தை, ஒரு பெரிய ரப்பர் பந்து, பிளாஸ்டிக்கில் செய்த இடுப்பெலும்பு ஒன்று. பிரசவத்துக்கு முன்னால் வருகிறவர்களை மேனேஜருக்கு ரொம்பப் பிடிக்கும். பந்தின்மேல் உட்காரவைத்து, கணவனைப் பின்னால் நிற்கவைத்து, விளம்பரத்துக்குப் படம் எடுப்பார். பெற்ற பிறகு வருகிறவர்களைப் படம் எடுக்க மாட்டார். வயிற்றில் பிள்ளை இருக்கும்வரை அவள் மகாராணி. பிள்ளை வெளியே வந்ததும் பார்சல் பிரித்த கவர். கவரை யார் பத்திரப்படுத்துகிறார்கள்?

இப்போது அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் அண்ணன் மனைவி பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். பிள்ளைகள் வைத்த பெயர் விசில் டீச்சர். கழுத்தில் விசில், காலில் ஷூ, மழைக்கு மட்டும்தான் மைதானத்தை விட்டு வருவாள். பெண் பிள்ளைகளின் வாலிபால் டீமை ஒன்றுமில்லாததிலிருந்து உருவாக்கியவள். அவள் சிரித்தால் தெருமுனைக் கடைக்காரர் எட்டிப் பார்ப்பார். அண்ணன் வண்டி ஷோரூமில் மெக்கானிக். "எம்பொண்டாட்டிகிட்ட ஓடி ஜெயிக்க முடியாதுன்னுதான் கட்டிக்கிட்டேன்" என்று எல்லோரிடமும் சொல்வான். சொல்லும்போது பெருமையாகத்தான் இருப்பான்.

ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம். பெண் குழந்தை. அண்ணி லீவில் போனதும் பள்ளியில் ஒரு மாஸ்டரைத் தற்காலிகமாகப் போட்டார்கள். மர நிழலில் நாற்காலி போட்டு, பந்தை உருட்டிவிட்டு, போன் பார்க்கிற ஜாதி. அவர் மேல் ஹெச்.எம்.முக்குப் புகார் இல்லை. மைதானத்திலிருந்து சத்தம் வரவில்லை என்பதே அவருக்கு நிம்மதி. போனில் அண்ணியிடம் நேராகவே சொல்லிவிட்டார்: பள்ளி திறக்கும்போது ஓடியாட முடிகிறவளாக வந்தால் மைதானம் அவளுக்கு. முடியாவிட்டால் நூலகத்தில் உட்காரட்டும், மாஸ்டரை நிரந்தரமாக்கிவிடுவோம்.

"பொறந்தது ஓடறதுக்குள்ள நான் ஓட ஆரம்பிச்சிடுவேன் மேடம்" என்று அண்ணி சிரித்தாள். காலை ஒன்றன்மேல் ஒன்று போட்டு இறுக்கிக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். தண்ணீர்ச் செம்பைத் தள்ளி வைப்பதையும் பார்த்திருந்தேன். அதைப் பார்ப்பதுதானே என் தொழில்.

"அண்ணி, தும்மினா இருமினா ஏதும்..."

"எனக்கென்ன, குதிரை மாதிரி இருக்கேன். உன் ஆஸ்பத்திரிய வீட்டுக்குள்ள கொண்டாராத."

சரி என்று விட்டுவிட்டேன்.

மேனேஜர் அந்தச் சமயத்தில்தான் போனில் வகுப்பு நடத்தச் சொன்னார். பெற்றவர்கள் யாரும் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வருவதில்லை, வீட்டில் விடுவதில்லை; போனிலாவது வரட்டும் என்று. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என் அறையிலிருந்து நடத்துவேன். முகம் காட்ட வேண்டாம், சொந்தப் பெயர் வேண்டாம் என்று நானே விதி வைத்தேன். இல்லையென்றால் ஒருத்தியும் வர மாட்டாள். மாடிவீடு, ரெட்டைப்புள்ள அம்மா, தூக்கம் வருது என்றெல்லாம் பெயர் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தியின் பெயர் 'சும்மா'.

இடுப்பெலும்புக்கு அடியில் தொட்டில் கட்டியதுபோலத் தொங்குகிற தசைதான் எல்லாவற்றையும் தாங்குகிறது. சிறுநீரை அடக்குவதுபோல அதை உள்ளே இழுத்து இறுக்குங்கள், பிறகு விடுங்கள் என்று சொல்லிக்கொடுப்பேன். எல்லோரும் கொஞ்ச நாளில் ஓய்ந்துவிடுவார்கள். சும்மா மட்டும் ஒருநாளும் தவறாமல் வருவாள், எழுத்தில் கேள்வி கேட்பாள். அவளைப் போல ஒருத்தி என் கல்லூரியிலேயே இருந்ததில்லை.

ஒருநாள் சும்மா எழுதினாள்: "எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகிறேன். நடக்கும்போதும் சமைக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் இறுக்கிப் பிடித்தபடியே இருக்கிறேன். அப்படியும் ஓடினால் நனைகிறது. கீழே பாரமாக இருக்கிறது. இன்னும் அதிகமாகச் செய்யவா?"

"நாள் முழுக்க இறுக்கிப் பிடிக்கச் சொன்னது யாருங்க?" என்றேன். "விடணும்னு சொன்னேனே, அத யாரு செய்வா? நேர்ல வாங்க. பாக்காம நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

"வர முடியாது. மாமியாருக்கும் நாத்தனாருக்கும் தெரிந்துவிடும்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம். காலையிலிருந்து ஆஸ்பத்திரியில் பார்த்த மாமியார்கள் எல்லோரும் கண்முன் வந்தார்கள்.

"இங்க பாருங்க சும்மா, நாத்தனார்னா என்ன, தலையில கொம்பா முளைச்சிருக்கு? அவ கெடக்கறா, தள்ளுங்க. உங்க உடம்பு என்ன, அவ அப்பன் வீட்டுச் சொத்தா?"

திரையில் சிரிப்புப் பொம்மைகள் வந்து விழுந்தன. மாடிவீடு கைதட்டினாள்.

"...அப்பன் வீட்டுச் சொத்தா?" என்றது சுவர்.

ஒரு நொடி பிந்தி, என் குரலில், அண்ணனும் அண்ணியும் படுக்கிற அறையிலிருந்து.

மீதி வகுப்பை எப்படி முடித்தேன் என்று தெரியாது. முடிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். போய்க் கதவைத் தட்டினேன். அண்ணி தரையில் பாய் விரித்து முட்டி மடக்கிப் படுத்திருந்தாள். குழந்தை இயர்போன் வயரைப் பிடுங்கி வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.

"நீங்களா அண்ணி?"

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். "அங்க எல்லாரும் காத்திட்டிருப்பாங்க. போ."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"தெனமும் டைப் பண்ணி சொல்லிட்டுத்தான இருக்கேன்."

"பக்கத்து ரூம்லேருந்தா?"

"பக்கத்து ரூம்ல இருக்கறவ நாத்தனார். போன்ல வர்றவ பிசியோதெரபிஸ்ட். எனக்கு அவதான் வேணும்."

"நான் யார்கிட்ட போய் சொல்லப் போறேன்?"

"நீ சொல்ல மாட்ட. கத்துவ." குழந்தையின் வாயிலிருந்து வயரை எடுத்தாள். "கோவம் வந்தா எதிர்ல யாரு நிக்கறாங்கன்னு ஒனக்குத் தெரியாது. நல்லதுக்குத்தான் கத்துவ. கத்தறது நீ, வாங்கிக் கட்டிக்கறது நானு."

அதற்கும் கோபம்தான் வந்தது. ஆனால் கத்தவில்லை.

மறுநாள் அம்மா ஹாஸ்டல் சமையல் வேலைக்குப் போனதும், அண்ணி சம்மதித்தபின் சோதித்துப் பார்த்தேன். நான் நினைத்தது சரி. தளர்ந்துபோன தசை இல்லை. கல் மாதிரி இறுகிக் கிடந்தது. லேசாகக் கர்ப்பப்பை இறக்கமும் இருந்தது, அதுதான் பாரம். பி.டி. டீச்சர் அல்லவா, மைதானத்தில் பிள்ளைகளை வேலை வாங்குவதுபோலத் தன் தசையையும் வேலை வாங்கியிருக்கிறாள். இன்னொரு ரவுண்டு, இன்னும் வேகம், வலித்தால் நல்லது. வேறு எவளுக்கும் இந்தக் கோளாறு வந்திருக்காது. மற்றவர்கள் சோம்பேறித்தனத்தால் தப்பித்திருப்பார்கள்.

"முஷ்டிய மடக்கிக்கிட்டே பந்தப் பிடிக்க முடியுமா அண்ணி?"

"எப்படிப் பிடிக்கிறது? கையத் தொறந்தாத்தான்."

"அதேதான். ஏற்கெனவே மடக்கித்தான் வெச்சிருக்கீங்க. தும்மும்போது இன்னும் எங்கேருந்து மடக்கறது? மொதல்ல விடக் கத்துக்குங்க."

"விடறதுன்னா எப்படி?"

"மூச்ச உள்ள இழுக்கும்போது வயிறு உப்பட்டும். கீழ இருக்கறது தானா எறங்கும். எறங்க விடுங்க."

"எறங்கினா நனைஞ்சுடுமே."

"நனையட்டும். துணி தொவைக்க நான் இருக்கேன்."

ஓடு, குதி, இன்னும் என்று வாழ்நாள் முழுதும் கத்தியவளுக்கு விடுவது என்ன பாடாக இருந்தது! தாடையைக் கடிப்பாள், நெற்றியைச் சுருக்குவாள். "மூஞ்சிய விடுங்க அண்ணி, அங்கயும் இறுக்கறீங்க" என்றால் சிரித்துவிடுவாள், சிரித்தால் நனைந்துவிடும், அதற்கும் சிரிப்பாள். அம்மா வேலையிலிருந்து சீக்கிரம் வந்தால், "ரெண்டு பேரும் கதவ சாத்திக்கிட்டு என்னடி பண்றீங்க?" என்பாள். "பாப்பாவுக்கு மசாஜ்" என்போம். எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த சுவரில் ஒரு கதவு வைத்ததுபோல இருந்தன அந்த நாட்கள். நல்ல நாட்கள் என்று எனக்கு இந்தக் கதையில் சொல்ல இருப்பது அவ்வளவுதான்.

கசிவு குறைந்துவிட்டது. ஆனால் பள்ளி திறப்பதற்குள் ஓடிக் குதிக்க வேண்டும் என்றால் இறங்கிய கர்ப்பப்பைக்கு ஒரு முட்டு வேண்டும். உள்ளே பொருத்துகிற மெல்லிய ரப்பர் வளையம் இருக்கிறது. வேண்டும்போது வைத்துக்கொள்ளலாம், எடுத்துவிடலாம். டாக்டர்தான் அளவு பார்த்துப் போட வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரிடம் அழைத்துப்போனேன். பெண்தான். இரண்டு பெற்றவர்தான்.

"வளையமா? இந்த வயசுலயா?" என்று சிரித்தார். "இதெல்லாம் கெழவிங்களுக்குப் போடறதும்மா. ஒண்ணுதானே ஆச்சு? அடுத்ததையும் பெத்துட்டு வா. எல்லாத்தையும் சேத்து ஒரேயடியா தைச்சு விட்டுடறேன். ஒரே பேண்ட்ட ரெண்டு தடவ ஆல்டர் பண்ணுவாங்களா?"

"மேடம், அவங்க ஓடணும்" என்றேன்.

"எதுக்கு ஓடணும்?"

அண்ணி பதில் சொன்னாள்: "அது என் வேலை மேடம்." டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அழுத்திவிட்டிருந்தார்.

அத்தோடு போயிருந்தாலும் பரவாயில்லை. சாயங்காலம் அண்ணன் என்னைக் கூட்டிப்போக வண்டியோடு வாசலில் நின்றான். டாக்டர் தன் காருக்குக் காத்திருந்தார். அண்ணனை அவருக்குத் தெரியும், பிரசவத்தின்போது பார்த்திருக்கிறார். அண்ணன் பக்கத்தில் வந்து, என்னமோ மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்: "ஒய்ஃப ஓடியாட விடாதீங்க. யூட்ரஸ் எறங்கியிருக்கு. வெயிட் எதுவும் தூக்க வேணாம். அடுத்த குழந்தைய சீக்கிரம் முடிச்சிடுங்க."

அண்ணன் வீட்டுக்குள் நுழைந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஆரம்பித்தான்.

"ஊர்ல இருக்கற பொம்பளைங்க கதை பூரா ஒனக்குத் தெரியும். எம்பொண்டாட்டி கதை மட்டும் எனக்குத் தெரியக்கூடாதா?"

"தெரிஞ்சா நீ என்னண்ணா பண்ணியிருப்ப?"

"ஏதாவது பண்ணியிருப்பேன்ல? மனுஷன்தானே நான்?" அண்ணியைப் பார்த்தான். "எங்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு? நான் என்ன மூணாம் மனுஷனா?"

அண்ணி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே இருந்தாள். குழந்தை தூங்கித்தான் இருந்தது.

அம்மாவுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவள் முகத்தில் வந்தது அதிர்ச்சி இல்லை, சலிப்பு.

"இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்? எனக்கும்தான் இருக்கு."

"என்ன இருக்கு?" என்றேன்.

"உன்னப் பெத்ததுலேருந்து இருக்கு. துணிய மடிச்சு வெச்சுக்கிட்டு அடுப்படியில நிக்கலையா? அண்டா தூக்கலையா? நீ படிச்சதே அந்த அண்டாவுலதான்டி."

"அதனால அண்ணியும் துணிய மடிச்சு வெச்சுக்கிட்டு நிக்கணுமா?"

"நின்னா என்ன? நான் செத்தா போயிட்டேன்?"

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வேறு யாராவதாக இருந்தால் அம்மாவைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். நான் கத்தினேன். இத்தனை வருடம் மூடி வைத்தது போதாதா, இன்னொருத்தி தலையிலும் அதைக் கட்டுவாயா என்று கேட்டேன். "எங்கம்மா எனக்குச் சொன்னத நான் அவளுக்குச் சொல்றேன், நீ பெரிய இவ" என்று அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள். போகும்போது அவள் நடையைப் பார்த்தேன். தொடைகளைச் சேர்த்து, அடி சின்னதாக வைத்து. தினமும் பார்க்கிற நடை. வயசு என்று நினைத்திருந்தேன்.

அண்ணன் கடைசியில் ஹெல்மெட்டைக் கழற்றினான். கோபம் இறங்கியிருந்தது. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, "நீ ஒண்ணும் கவலப்படாத. எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றான். அன்பாகத்தான் சொன்னான். அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் சமாளித்திருக்கலாம்.

நானும் சும்மா இருக்கவில்லை. என் கல்லூரி சீனியர் ஒருத்தி வேறு ஊர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். தடுப்பூசி என்று சொல்லிவிட்டு அண்ணியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அங்கே இருந்த டாக்டர் எதற்கு ஓட வேண்டும் என்று கேட்கவில்லை. எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்று கேட்டார். வளையம் பொருத்தி, நடக்கச் சொல்லி, இருமச் சொல்லி, வேறு அளவு மாற்றிப் பொருத்தினார். கிளம்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் அண்ணி ஒரு பாட்டில் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தாள். எவ்வளவு நாளைக்குப் பிறகோ.

வீட்டுக்கு வந்து ஸ்கிப்பிங் கயிற்றை எடுத்தாள். கட்டிலை ஓரமாகத் தள்ளிவிட்டு அந்த அறைக்குள்ளேயே குதித்தாள். நான் கீழே உட்கார்ந்து பார்த்தேன். நிறுத்தினாள். துணியைப் பார்த்தோம். காய்ந்திருந்தது.

"விசில எங்க வெச்சேன்?" என்றாள்.

அப்போதுதான் அண்ணன் வந்தான். கை நிறைய ஆப்பிள். ஷோரூமுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போய்வந்திருக்கிறான்.

"எல்லாம் பேசி முடிச்சுட்டேன். உங்க ஹெச்.எம். தங்கமான பொம்பள. லைப்ரரிய ஒனக்கே குடுத்துட்டாங்க. ஃபேன் இருக்கு, நல்ல சேர் இருக்கு. வெயில்ல காய வேணாம்."

"என்னன்னு சொன்னீங்க?" அண்ணி கையில் கயிறு இருந்தது.

"உள்ளதச் சொன்னேன். யூட்ரஸ் எறங்கியிருக்கு, யூரின் நிக்க மாட்டேங்குதுன்னு. இதுல மறைக்க என்ன இருக்கு? நீங்க ரெண்டு பேரும்தான் திருட்டுத்தனம் பண்ணீங்க. ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் எவ்வளவு அக்கறையா கேட்டாங்க தெரியுமா?"

"ஸ்டாஃப் ரூம்லயா?"

"ஹெச்.எம். அங்கதான் இருந்தாங்க."

"மாஸ்டர் இருந்தாரா?"

"இருந்தாரு. அவருதான் மொதல்ல எழுந்து எனக்குச் சேர் போட்டாரு."

அண்ணி கயிற்றை மடித்து ஆணியில் மாட்டினாள். நான் கத்தப் போனேன். அவள் கையைக் காட்டினாள், மைதானத்தில் பிள்ளைகளை நிறுத்துவதுபோல. "வேணாம். கத்தினா தெருவுக்கும் தெரிஞ்சிடும்." அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். நல்லது செய்துவிட்டு வந்த மனிதனை ஏன் இப்படிப் பார்க்கிறார்கள் என்று அவனுக்கு உண்மையாகவே புரியவில்லை. ஆப்பிளை நறுக்கி அவனே தட்டில் வைத்தான்.

பள்ளி திறந்தது. அண்ணி டிராக் பேண்ட்டை மடித்து வைத்துவிட்டு, மற்ற டீச்சர்கள்போல வெளிர்நீலச் சுடிதார் போட்டுக்கொண்டு போனாள். சில நாள் பொறுத்தேன். பிறகு ஆஸ்பத்திரியில் அனுமதி வாங்கிக்கொண்டு ஹெச்.எம்.மைப் பார்க்கப் போனேன். அண்ணியிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

"அவங்க இப்ப நல்லா இருக்காங்க மேடம். நான்தான் ட்ரீட் பண்றேன். ஓடலாம், குதிக்கலாம்."

"ரொம்ப சந்தோஷம்மா" என்றார். தங்கமான பொம்பளைதான், தண்ணீர் கொடுத்தார். "ஆனா எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே. கிரவுண்டுல புள்ளைங்க முன்னாடி ஏதாவது ஆச்சுன்னா அவங்களுக்குத்தானே அசிங்கம்? பேரண்ட்ஸ் வேற கேப்பாங்க."

"ஆகாது மேடம்."

"இப்ப ஆகாது. அடுத்தது உண்டானா? உங்க அண்ணனே சொன்னாரே, சீக்கிரம் முடிச்சுடப் போறோம்னு. பாவம், எவ்வளவு நல்ல மனுஷன். என் வீட்டுக்காரர் எனக்குப் பிரசவம் ஆனப்ப ஆஸ்பத்திரி வாசல்ல கூட நிக்கல."

வெளியே வந்தேன். நூலகம் மைதானத்தைப் பார்த்த அறை. ஜன்னல் வழியாக அண்ணி தெரிந்தாள். புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். மைதானத்தில் அவள் உருவாக்கிய டீம் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தது. மாஸ்டர் நாற்காலியில். ஒரு பெண் எம்பி அடித்துவிட்டுக் காலை விறைப்பாக வைத்துத் தரையில் இறங்கினாள்.

"முட்டிய மடக்கி எறங்குடி! கால ஒடச்சுக்கவா?"

ஜன்னலிலிருந்து வந்தது அந்தக் குரல். டீம் மொத்தமும் திரும்பியது. "டீச்சர்!" என்று ஒருத்தி குதித்தாள். இன்னொருத்தி அவள் கையைப் பிடித்து இழுத்து, காதில் ஏதோ சொன்னாள்.

மாஸ்டர் எழுந்து நின்றார். மரியாதையாகத்தான் எழுந்தார். "நீங்க உக்காருங்க மேடம், ஏன் கத்தறீங்க? கத்தினா உங்களுக்குத்தான் கஷ்டம். உடம்பப் பாத்துக்குங்க" என்றார், மைதானத்தின் அந்தக் கோடிக்கும் கேட்கும்படி.

பிள்ளைகளில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணி ஜன்னலிலிருந்து மறைந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு அழப் போகிறாள் என்று நினைத்து நான் நூலகத்தின் பக்கம் நடந்தேன். அவள் வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள், ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. துப்பட்டாவைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு மைதானத்துக்குள் போனாள்.

"மேடம், வேணாம் மேடம்" என்றார் மாஸ்டர்.

"பந்த இப்படிக் குடு."

ஒரு பெண் கொடுத்தாள். அண்ணி கோட்டுக்குப் பின்னால் போய் நின்றாள். பந்தை இரண்டு முறை தரையில் தட்டினாள். ஆபீஸ் அறை வாசலுக்கு ஹெச்.எம். வந்துவிட்டார். மாடி வகுப்புகளின் ஜன்னல்களில் தலைகள். மூச்சை இழுத்தாள், தோள் இறங்கியது, தாடை தளர்ந்தது. நான் சொல்லிக்கொடுத்த அத்தனையும் சரியாகச் செய்தாள். பந்தை உயரமாகப் போட்டு, ஓடி, எம்பினாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் தரையில் இல்லை. பந்தில் உள்ளங்கை பட்ட சத்தம் சுவரில் போய் அடித்தது. முட்டியை மடக்கி இறங்கினாள்.

"உள்ளயா, வெளியயா?" என்றாள் அண்ணி.

ஒருத்தி இன்னொருத்தியை முழங்கையால் இடித்தாள்.

"கேக்கறேன்ல? பந்து கோட்டுக்கு உள்ள விழுந்துச்சா, வெளியவா?"

முன்னால் நின்ற பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "பாக்கல டீச்சர்."

"நீ?"

"நானும் பாக்கல டீச்சர்."

அண்ணி மாஸ்டரைப் பார்த்தாள். ஹெச்.எம்.மைப் பார்த்தாள். அத்தனை பேர் கண்களும் எங்கே இருந்தன என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வெளிர்நீலச் சுடிதார் காய்ந்தே இருந்தது. அது எனக்குத் தெரியும். ஏனென்றால் நானும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீயாவது பாத்தியா?" என்று என்னைக் கேட்டாள்.

நான் அவள் துப்பட்டாவைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றேன். பிறகு பந்து எங்கே போயிருக்கும் என்று தேடிக்கொண்டு அவளே நடந்தாள்.